பொம்மி, வயது மூன்று, இடது கால்

அஞ்சு மணிக்குத்தான் கிள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அஞ்சு மணிக்கு நான் போன் பண்றேன், அதுக்குள்ள கிள்ளிப் பார்த்து வைங்க என்றுதான் கால்நடை டாக்டர் ரெஹானா சொல்லியிருந்தாள். அதுக்குள்ள என்றால் காலையிலேயே கிள்ளியிருக்கலாம், பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே கிள்ளியிருக்கலாம். இந்திராணி காலையில் இட்லி ஊற்றினாள், வாரத்துத் துணியை எல்லாம் ஊற வைத்துத் துவைத்தாள், ஆறு மாதமாகத் துடைக்காத ஃபேன் இறக்கையை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தாள், கிள்ளவில்லை. இப்போது மணி மூன்றரை. கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய துண்டு, துண்டின்மேல் பொம்மி. அதன் இடது பின்னங்காலில் தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. கட்டின் நுனியில் நடுவிரல் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. தெரிகிற மாதிரிதான் கட்ட வேண்டுமாம், அதுதான் நமக்கு ஜன்னல் என்றாள் ரெஹானா. அந்த ஜன்னல் வழியாகத்தான் மூன்று நாளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் இந்திராணி. வீங்கியிருக்கிறதா, இல்லை. ஜில்லென்றிருக்கிறதா, இல்லை, வெதுவெதுப்புதான். ஆனால் உணர்ச்சி? வியாழக்கிழமை ரெஹானா அந்த விரலைக் கிள்ளியபோது பொம்மி மேஜைமேல் படுத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. யார் காலையோ யாரோ கிள்ளுகிறார்கள் என்று. "எலும்பு சேர்ந்துடும்மா, நீங்க எடுத்த படத்துல தெளிவா இருக்கு. நரம்புதான் சந்தேகம். வீக்கம் அமுக்கினாலும் இப்படி இருக்கும், மூணு நாள் பார்ப்போம். எலும்பு தட்டுப்பட, நல்லா அழுத்திக் கிள்ளணும். காலை இழுத்துக்கிட்டா மட்டும் போதாது, அது உடம்பு தானா செய்யற வேலை. திரும்பிப் பார்க்கணும், கத்தணும், கடிக்க வரணும். அப்பதான் வலி மண்டை வரைக்கும் போகுதுன்னு அர்த்தம். இல்லேன்னா திங்கக்கிழமை கொண்டு வந்துடுங்க, எடுத்துடலாம். மூணு கால் பூனையெல்லாம் ராஜா மாதிரி ஓடும்மா, பயப்படாதீங்க." ராஜா மாதிரி ஓடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் இருக்கிற காலை எதற்கு எடுக்க வேண்டும். இருக்கிறதா என்பதுதானே கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடும், அதனால்தான் கேட்காமல் ஃபேன் துடைத்தாள்.

அறைக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். கணவர் சிதம்பரநாதன் புதன்கிழமையிலிருந்து சத்தம் வைக்காமல்தான் டிவி பார்க்கிறார். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், ஊரே அதிரச் செய்தி கேட்கிறவர், இப்போது வாயை மட்டும் அசைக்கும் ஆட்களை உற்றுப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை காலையில் பேப்பர் வாங்கப் போகிற அவசரத்தில் வாசல் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தியவர் அவர்தான். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் பொம்மி பாதி வந்திருந்தது. அந்தச் சத்தத்தை இந்திராணி அடுப்படியிலிருந்து கேட்டாள். கேட் சத்தமும் பூனைச் சத்தமும் தனித்தனியாக வரவில்லை, ஒன்றாக வந்தன. ஓடிவந்து பார்த்தபோது அவர் பேப்பருக்கான சில்லறையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அது ஏன் அங்க வந்துச்சு, அது ஏன் அங்க வந்துச்சு" என்று கேட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பூனை பக்கம் வரவும் இல்லை. ஆனால் வேறு விஷயத்துக்கு வாய் நன்றாகத்தான் இருக்கிறது. இதோ, வாசற்படி தாண்டாமல் தலையை மட்டும் நீட்டுகிறார். "இந்திரா, எழுதிட்டியா?" "இல்ல." "நாளைக்குக் காலைல கொடுக்கணும்." "தெரியும்." "உங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரே என்ன எழுதணும்னு சொல்லிட்டாரு. ரெண்டு வரி. எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு உனக்கு. கடைசி நேரத்துல எதுக்கு வீம்பு?" தலை உள்ளே போய்விட்டது. அவளுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு முழு வெள்ளைத்தாள், காற்றில் பறக்காமல் அதன்மேல் பவுடர் டப்பா, டப்பாவுக்குப் பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. எல்லாம் அவர் காலையிலேயே எடுத்து வைத்தது. இந்த அக்கறைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மூடியைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறாரே, மை காய்ந்துபோகாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வீம்பாம். வியாழக்கிழமை மத்தியானம் பொம்மியைக் கட்டைப்பையில் வைத்துத் தலை மட்டும் வெளியே தெரியத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு வீம்பு ஏதும் இல்லை. ரெஹானாவின் மருந்தகத்தில் எக்ஸ்ரே கிடையாது. எடுக்க வேண்டுமென்றால் பெரிய ஊருக்குப் போக வேண்டும், மூன்று மணி நேர பஸ். இவளோ தாலுகா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருஷமாகப் படம் எடுக்கிறவள். வயிற்றுக்குச் சோறு போடுகிற மெஷினை வைத்துக்கொண்டு இந்த உயிரைப் பையில் போட்டு மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவதா? சாப்பாட்டு இடைவேளையில் கதவைத் தாளிட்டாள். இரண்டு சின்ன மணல் பையை அண்டக் கொடுத்தாள், பொம்மி திமிரவே இல்லை. இடது கால் என்பதற்கான ஈய எழுத்தை எடுத்து ஓரத்தில் வைத்தாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மூச்சை இழுத்துப் பிடிங்க, என்று வாய் தானாகச் சொன்னது. கால் படத்துக்கு யாரும் மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை, அதுவும் பூனை எங்கே பிடிக்கப்போகிறது, பிடித்தது இவள்தான். படம் எடுத்து முடித்த கை அடுத்து எங்கே போகும், பதிவேட்டுக்குத்தான் போகும். வரிசை எண் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு. பெயர், பொம்மி. வயது, மூன்று. பால், பெண். பகுதி, இடது கால். அதற்கடுத்த கட்டம் தந்தை அல்லது கணவர் பெயர். கட்டத்தைக் காலியாக விட்டால் தணிக்கைக்கு வருகிறவன் சிவப்பு மையால் வட்டம் போடுவான், இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதிய பக்கத்தில் ஒரு வட்டம் கிடையாது. சிதம்பரநாதன் என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் பெயர் தந்தை என்ற இடத்தில் எங்கேயும் ஏறியதில்லை, ஒரு பள்ளிக்கூடத்து நோட்டில்கூட இல்லை. அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனாள். கை வரவில்லை. படத்தை ஈரத்தோடு கிளிப்பில் தொங்கவிட்டுப் பொம்மிக்குத் தண்ணீர் காட்ட வராந்தாவுக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் எலும்பு டாக்டர் வந்து தொங்குகிற படங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்து, பதிவேட்டில் வரிசையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழுக்கு நேரே, கால் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, மூன்று வாரம் கழித்துக் குழந்தையை மறுபடி அழைத்து வரவும். படத்தின் மூலையில் வால் எலும்பு இருக்கிறது, சின்னச் சின்ன மணி கோத்த மாதிரி, முழு வால். அதைப் பார்க்காமல் குழந்தை என்று எழுதினார். வெள்ளிக்கிழமை வெளிநோயாளிக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏம்மா, அந்த மூணு வயசுக் குழந்தைக்கு மாவுக்கட்டு போட ஏன் இன்னும் கூட்டிட்டு வரல? பெத்தவங்களுக்கு அக்கறையே கிடையாதா?" என்று சத்தம் போட்டார். "சார், அது பூனை" என்றாள் இவள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், கை ஒடிந்து வந்தவன்கூட ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூனைக்குப் படம் எடுத்ததை மன்னித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டார்கள். சாயங்காலமே பெரிய டாக்டர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், டீ வரவழைத்துக் கொடுத்தார். "இந்திராணி, கவனக்குறைவா தப்பா பதிஞ்சுட்டேன், அப்படி ஒரு படமே எடுக்கலைன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பேர் எழுதினதையும் அடிச்சுடலாம். எடுத்தேன்னு எழுதினா விசாரணை வரும், நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எடுக்கவில்லை என்று எழுத வேண்டும். அரசாங்க மெஷினில் பூனையைப் படம் எடுத்தது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேள் என்றால் கேட்டுவிடுவாள், நூறு தடவை கேட்பாள். எடுக்கவே இல்லை என்று எழுத வேண்டுமாம். எழுதினால் என்ன, கை தேய்ந்தா போகும், இதுவரை வாயால் சொல்லாததா. படம் எடுக்கிறவள் படம் படிக்கக் கூடாது. பயிற்சியின்போது முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். கட்டிலில் படுத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள், என்னம்மா தெரியுது, ஏதாவது இருக்கா? டாக்டர் சொல்வார். உடைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும், டாக்டர் சொல்வார். நுரையீரல் பாதி வெள்ளையாக இருக்கும், டாக்டர் சொல்வார். மூச்சை இழுத்துப் பிடிங்க, விடலாம், சட்டையைப் போட்டுக்குங்க, டாக்டர் சொல்வார். கோமதி அக்காவுக்கும் அதைத்தான் சொன்னாள். கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், இரண்டு மாதமாக இருமுகிறது என்று வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு மெஷினுக்கு முன்னால் நின்றாள். மஞ்சள் பூசிய கழுத்து, தாலிக் கயிற்றைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டது இவள் கைதான். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினால் கழுத்துக்குக் கீழே வலது காறை எலும்புக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக ஒன்று. எலும்பு மறைத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் இருந்தது. ஆயிரம் படம் பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா? "என்னடி தெரியுது?" என்றாள் அக்கா. "டாக்டர் சொல்வாருக்கா." அன்றைக்கு இருந்த டாக்டருக்கு அவசரம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இடுப்பில் கை வைத்து நின்றபடி பார்த்தார், குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவள் பக்கத்தில் நின்றாள். சார், இங்க பாருங்க என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். விரலை நீட்டப் போனாள், இழுத்துக்கொண்டாள். அவர் படித்தவர், இவளுக்கு இரண்டு வருஷ டிப்ளமோ. அவர் இல்லை என்று எழுதியதும் இவளுக்கே அது இல்லாத மாதிரி இருந்தது, அதுதான் கொடுமை. அக்கா சந்தோஷமாக ஊருக்குப் போய்ச் சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு படம் எடுத்தபோது அந்த வெள்ளை கைப்பிடி அளவுக்கு இருந்தது. யாரும் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. இந்தப் பதினோரு வருஷத்தில் சிதம்பரநாதனிடம்கூடச் சொன்னதில்லை.

கால் மரத்துவிட்டது. பொம்மியின் கால் இல்லை, இவளுடையது. ஒரே பக்கமாக நீட்டி உட்கார்ந்ததில் வலது கால் முட்டிக்குக் கீழே இருக்கிறதா என்றே தெரியவில்லை. குனிந்து தன் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரிதான் இருந்தது. அட, இப்படித்தான் இருக்குமா உனக்கும்? பொம்மி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மணி நாலே கால். பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது, இந்த நேரத்தில் என்ன சமைக்கிறார்களோ. சரி, ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம் என்று நினைத்தாள். கால் இருந்தால், அதாவது பொம்மி திரும்பிப் பார்த்தால், உள்ளதை உள்ளபடி எழுதுவது. திரும்பிப் பார்க்காவிட்டால், நான் படித்த படிப்பு அவ்வளவுதான், அவர்கள் சொன்ன இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினாலு மாதத்தைத் தள்ளுவது. நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் மனசு அடங்கிக்கூட இருந்தது. பிறகு உள்ளே ஏதோ இடறியது. கால் போனால் படம் பொய்யாகிவிடுமா? நரம்பு படத்தில் தெரியாது, தெரியாததற்குப் படம் என்ன செய்யும். எலும்பு ஒரே இடத்தில் சாய்வாக முறிந்திருக்கிறது, இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, வால் மூலையில் இருக்கிறது. பொம்மி மூன்று காலோடு நடந்தாலும், செத்தே போனாலும் அது அப்படித்தான். அக்கா தேங்காய் உடைத்த அன்றைக்கும் அந்த வெள்ளை அங்கேயேதான் இருந்தது. இல்லை என்று எழுதினால் இல்லாமல் போய்விடும் என்று இன்னொரு தடவை நம்பச் சொல்கிறார்களா? இந்தப் பூனையின் காலைப் பிணை வைத்தா நான் உண்மை பேச வேண்டும்? அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல சுத்தமான கோபம், யார்மேல் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லாத கோபம். தன் மேலும்தான். தன்மேல்தான் முதலில். தாளை இழுத்தாள், பவுடர் டப்பா உருண்டு அறை வாசற்படியில் போய் முட்டியது. பொம்மி அசையாமலிருக்க ஒரு கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு, தாளைத் தரையில் வைத்துக் கோணலாக உட்கார்ந்து எழுதினாள். பேனா காயவில்லை. ஐயா, பதிவேட்டில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் எண்ணில் உள்ளது உண்மை. படம் எடுத்தது நான். உணவு இடைவேளையில் எடுத்தேன். நோயாளி ஒரு பூனை. அனுமதி பெறாதது என் தவறு, அதற்குரிய நடவடிக்கையை ஏற்கிறேன். படம் சரியாக எடுக்கப்பட்டுள்ளது, எலும்பு முறிவும் வாலும் தெளிவாகத் தெரிகின்றன. எடுக்கவில்லை என்று எழுத என்னால் முடியாது. இப்படிக்கு, இரா. இந்திராணி. வால் என்ற வார்த்தையை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். இருக்கட்டும் என்று விட்டாள்.

டப்பா உருண்ட சத்தத்துக்குச் சிதம்பரநாதன் வந்து நின்றார். இந்தத் தடவை வாசற்படி தாண்டி வந்தார். தாளை எடுத்துக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார், உதடு அசைந்தது, சத்தம் இல்லை, அவருடைய டிவி மாதிரியே. வாலுக்கு வந்ததும் நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கத்துவார் என்று நினைத்தாள். கத்தட்டும், இன்றைக்குப் பதிலுக்குக் கத்த அவளிடம் நிறைய இருந்தது. "விசாரணைல அந்தப் பதிவேட்டை எல்லாரும் பார்ப்பாங்கல்ல?" என்றார். "பார்ப்பாங்க." "என் பேரும் இருக்கும்." "இருக்கும். வேணும்னா அதை மட்டும் அடிக்கச் சொல்லி எழுதறேன். கட்டத்தைக் காலியா விடக் கூடாதுன்னு போட்டேன், வேற ஒண்ணும் இல்ல." அவர் தாளை மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடிக்க வேணாம்" என்றார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவளுக்கெதிரே தரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலை, புதன்கிழமைக்கப்புறம் முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். "நான் திரும்பிப் பார்த்திருக்கணும் இந்திரா. நான்தானே சாத்தினேன்." "ஆமா, நீங்கதான்" என்றாள் அவள். இல்லைங்க, விடுங்க என்று சொல்ல நாக்குவரை வந்தது, சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. "கிள்ளிட்டியா?" என்றார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். மணி அஞ்சுக்கு மூன்று நிமிஷம் இருந்தது.

மூச்சை இழுத்துப் பிடித்தாள். கட்டின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலில் ஒன்றை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் எடுத்தாள். சின்ன விரல், பிஞ்சு மிளகாய் கனம்கூட இல்லை. கிள்ளினாள். பொம்மி முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தது. ஒன்றும் இல்லை. மார்புக்குள் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. "மெதுவாக் கிள்ளினே" என்றார் சிதம்பரநாதன். மெதுவாகத்தான் கிள்ளினாள், எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்தாள், வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள், அக்காவிடம்கூட அதைத்தான் செய்தாள். வலிக்கட்டும். பொம்மி, வலிக்கட்டும்டி உனக்கு. எலும்பு நகத்தில் தட்டுப்பட, பல்லைக் கடித்துக்கொண்டு, வைத்த பிடியை விடாமல் அழுத்தினாள். கட்டுக்குள் தொடை துடித்தது. கால் இழுத்துக்கொண்டது. "இழுத்துடுச்சு, இழுத்துடுச்சு!" என்றார் அவர். போதாது, அது போதாது, இழுத்துக்கொள்வதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், அதை நான் இருபத்தாறு வருஷம் செய்தேன். விடவில்லை அவள். நக்கிக்கொண்டிருந்த நாக்கு பாதியில் நின்றது. காது இரண்டும் பின்னால் மடிந்தன. பொம்மி தலையைத் திருப்பித் தன் காலைப் பார்த்தது, காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தது, கையிலிருந்து மேலே ஏறி இந்திராணியின் முகத்தைப் பார்த்தது. அந்தக் கண்ணில் மூன்று வருஷம் பால் ஊற்றிய நன்றி ஒரு துளி இல்லை. புதன்கிழமை கேட்டில் கேட்ட அதே குரலில் கத்திக்கொண்டு அவள் மணிக்கட்டைக் கடித்தது. மேலும் கீழும் நாலு பல்லும் இறங்கின. ரத்தம் துண்டில் சொட்டியது. அம்மாடி என்று அலறியது அவர்தான். தண்ணீர், சோப்பு, டெட்டால் என்று எழுந்து ஓடப் பார்த்து, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். இந்திராணி சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று தெரியவில்லை, கடிபட்ட கையாலேயே அதன் தலையைத் தடவினாள், பொம்மி அந்தக் கையையும் சீறித் தள்ளியது. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது, கடிதத்தோடு சேர்த்து அதை எடுத்தார். "ரெஹானா டாக்டர்தான். இந்தா, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேளு." இந்திராணி ரத்தக் கையை நீட்டிப் போனை வாங்கினாள். "அவங்க சொல்ல வேண்டாம்" என்றாள். "நான் சொல்றேன்."